பரசுராமன் அழித்த பள்ளம்

திருவண்ணாமலையில் பரசுராமனைப் போல வழவழப்பாகக் கோடு போடுகிறவர் யாரும் இல்லை. இதை அதிகமாகச் சொன்னவர் பரசுராமன்தான்.

அரசாங்க ஆபீசில் அவருக்கு மேப் வரைகிற வேலை. அளக்கப் போகிறவர்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கோலை நட்டு, அந்தந்த இடத்து உயரத்தைக் குறித்துக்கொண்டு வருவார்கள். இடையில் கிடக்கும் நிலத்தை யாரும் அளப்பதில்லை. அதைப் பரசுராமன் யூகிப்பார். ஒரே உயரமுள்ள இடங்களை ஒரே கோட்டில் சேர்த்து, மேடு எப்படி இறங்குகிறது என்று காகிதத்தில் காட்டுவார். கோடு எங்கும் முறியக் கூடாது, துள்ளக் கூடாது. அவருடைய வேட்டி மடிப்பும் அப்படித்தான்.

அறுபத்திரண்டாம் வருஷம், ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் வீட்டுமனை பிரிக்க மேப் கேட்டார்கள். எல்லாப் புள்ளியும் சொன்ன பேச்சு கேட்டது, ஒன்றைத் தவிர. சீரான சரிவின் நடுவே அது மட்டும் இரண்டடி கீழே கிடந்தது. அதை மதித்தால் கோடு அங்கே போய் அசிங்கமாகக் குழிந்து திரும்பவேண்டும்.

“தசரதன் எலி வளையில கோல நட்டுட்டான்” என்று, கோல் பிடித்த ஆளின் மேல் பழியைப் போட்டு ரப்பரை எடுத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

மேப்பின் அழகில் அவரே மயங்கிவிட்டார். கோடு எங்கே ரொம்ப அழகாக ஓடியதோ, அந்த மனையையே வாங்கினார். மனைவி ஜோதியம்மாள் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒண்டுக்குடித்தனத்தில் புகைந்தவள். தனக்கென்று ஒரு சமையலறை, அவ்வளவுதான் அவள் கேட்டது.

“தண்ணி நிக்காதுல்ல?”

“மேப்ப பாரு. தானா வழிஞ்சு ஓடிடும்.”

வீடு கட்டிக் குடிபோன முதல் ஐப்பசி மழையில் அக்கம்பக்கத்துத் தண்ணீரெல்லாம் வழிந்து ஓடி, நேராக அவள் சமையலறைக்கு வந்து சேர்ந்தது. அடுப்பு மூழ்கியது. மிதந்த முறத்தைப் பிடித்துக்கொண்டு ஜோதியம்மாள் அழுதாள். எந்தப் புள்ளி என்று பரசுராமனுக்குத் தெரியாதா?

“இங்க பள்ளம்னு தசரதன் சரியாத்தான் அளந்து குடுத்தான். கோடு அழகா வரணும்னு நான்தான் அழிச்சிட்டேன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அழகா வந்துச்சா?”

இரண்டடி மண்ணடித்துச் சமையலறைத் தரையை உயர்த்தினார்கள். பூஜை போட்டு வைத்த கதவு நிலையைப் பெயர்க்கக் கூடாதென்று ஜோதியம்மாள் சொல்லிவிட்டதால் வாசல் குட்டையாகிவிட்டது. மேப்பிலும் அந்தக் கோணல் கோடு ஏறியது. அதன் பிறகு கோட்டுக்கு அடங்காத புள்ளி வந்தால் பரசுராமன் ரப்பரைத் தொடமாட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரில் பார்க்கப் போய்விடுவார்.

ஆனாலும் தினம் சோற்றுக்கு வரும்போது உள்ளேயிருந்து குரல் வரும்:

“குனிஞ்சு வாங்க. மேப்புல இல்லாத மேடு.”