நடப்பதற்கு ஒரு படிவம்

லண்டனில் நான் ஓர் ஆரம்பப் பள்ளியில் மதிய இடைவேளையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தேன். பார்த்துக்கொள்வது என்பது சும்மா பேச்சுக்கு. எழுதுவதுதான் வேலை. முழங்கால் உரசினால் ஒரு படிவம், தலை இடிபட்டால் வீட்டுக்கு ஒரு கடிதம். காயம் எதுவானாலும் மருந்து ஒன்றுதான்: ஈரமாக்கிய காகிதக் கைதுடைப்பான். பனி உறைந்த நாளில் விளையாட்டு முற்றத்துக்கே பூட்டு. "ஓடாதே" என்று நாளுக்கு நூறு தடவை சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதே வாய் வந்துவிட்டது.

என் மகள், ஐந்து வயதுப் பிள்ளை, பூங்காவின் நடுப்புல்லில் நின்றுகொண்டு, "அம்மா, ஓடலாமோ?" என்று கேட்பாள். நான்தான் இப்படி ஆக்கிவிட்டேன் என்று தெரியும். ஆனாலும் "மெல்ல" என்றுதான் பதில் சொல்வேன்.

அந்த வருடமே கணவருக்கு சுவிஸில் ஊஸ்டர் என்ற ஊரில் வேலை கிடைத்து அங்கே வந்துவிட்டோம். மகளைக் கிண்டர்கார்டனில் சேர்த்த முதல் வாரம் முடிந்ததும், ஆசிரியை அவள் கழுத்தில் கார் ஓட்டுபவர்களின் கண்ணில் படும்படி ஒளிரும் செம்மஞ்சள் பட்டி ஒன்றை மாட்டிவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து இங்குள்ள மற்றப் பிள்ளைகளைப் போலத் தனியே நடந்து வரட்டும் என்றார். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. நடுவே கார்கள் ஓடும் பெரிய தெரு ஒன்றும் உண்டு.

"நான் எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"எதற்குப் படிவம்?"

"அவள் தனியே நடப்பதற்கு."

ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டார். "கால் அவளுடையதுதானே?" என்றார்.

திங்கட்கிழமை மகளுக்குக் கையசைத்துக் கதவைச் சாத்தினேன். ஒரு நிமிடம் கழித்துப் பின்னாலேயே போனேன். வேலி மறைவில் கொஞ்சம், நிறுத்தியிருந்த கார்களின் மறைவில் கொஞ்சம். அவள் தெருவோரமாகக் குனிந்த தலையோடு ஒவ்வோர் அடியாக வைத்து நடந்தாள். பயந்துபோய் நடக்கிறாள் என்றே நினைத்தேன். மூன்று நாள் இப்படியே போயிற்று.

"என்னப்பா, சிஐடி வேலையோ?" என்று கணவர் கேலி செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்காம் நாள் பாதசாரிக் கடவையில் அவள் நின்றாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு கார் வேகத்தைக் குறைத்தது. அதன் சில்லுகள் உருளாமல் முழுதாக நிற்கும்வரை காத்திருந்து, கடந்து, அந்தப் பக்கம் போய்த் திரும்பினாள். ஒரு வேனின் பின்னால் பதுங்கியிருந்த என்னை நேரே பார்த்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

"அம்மா, நீங்கள் ஒவ்வொரு நாளும் பின்னாலை வாறியள். எனக்குத் தெரியும்," என்று தெருவுக்குக் குறுக்கே கத்தினாள். "நீங்கள் பயப்பிடுவியள் எண்டுதான் மெல்ல நடந்தனான். இனி ஓடப்போறன்."

ஓடினாள். நடைபாதையில் அந்தப் பட்டி துள்ளத் துள்ள, என்னைத் திரும்பிப் பார்க்காமலே ஓடினாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அதையெல்லாம் மீறி, அப்பாடா என்றிருந்தது. என் பயம் பிள்ளைக்கு ஒட்டியிருக்கவில்லை.