டெமோ மேடம்

முதல் ரவுண்டு தேறியதைச் சொன்ன வாரமே எப்சிபாவின் அப்பா ஞானசிங் சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுவிட்டார். அவசரக்குடுக்கை மனுஷன்! அவள் தேறியது எழுத்துத் தேர்வில் மட்டும்தான். அதற்குள் போதகர் எழுந்து, சகோதரர் ஞானசிங்கின் மகளுக்குத் திருப்பதி ஜூனியர் காலேஜில் கணக்கு லெக்சரர் வேலை கிடைத்திருக்கிறது என்று அறிவித்து ஜெபமும் பண்ணி முடித்தார். சித்தூர் சபையே திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தது. எப்சிபாவுக்கு எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

இனி அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். அவள் பாடம் எடுத்துவந்த சின்னப் பள்ளிக்கூடத்தை மூடி ஒரு வருஷமாகிறது. எம்.எஸ்சி. படித்த பெண் வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா?

செவ்வாய்க்கிழமை தோறும் திருப்பதி பஸ் ஏறினாள். கரஸ்பாண்டெண்ட் முன்னால் ஒரு டெமோ வகுப்பு. பிறகு பிள்ளைகள் முன்னால் முழு பீரியடு. அப்புறம் வேறொரு பாடத்தில் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் பிரின்சிபால் கிருஷ்ணப்பா பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "சூப்பர் மேடம்! இன்னும் ஒரே ஒரு ரவுண்டுதான்" என்பார். நம் எப்சிபாவும் தலையாட்டிவிட்டு வருவாள். வேறென்ன செய்வாள், பாவம்.

அடுத்த செவ்வாய் வகுப்புக்குள் போனபோது போர்டில் ஒரு கணக்கு பாதியில் நின்றிருந்தது. யாரோ ஓர் ஆணின் கையெழுத்து. அதை அழிக்க டஸ்டரை எடுத்தாள். மூன்றாவது பெஞ்சுப் பெண் பதறிப்போய் எழுந்தாள். தமிழ்நாட்டு எல்லையிலிருக்கும் குடிபாலாப் பக்கத்துப் பெண் போல, தமிழிலேயே பேசினாள்.

"அழிக்காதீங்க மேடம்! வியாழக்கிழமை டெமோ சார் அதுவரைக்கும்தான் சொல்லிக் குடுத்தாரு. நீங்க அங்கிருந்து எடுத்துக்கினு போங்க."

"உங்க கணக்கு லெக்சரர் எங்கம்மா?"

"அவரு போயி மூணு மாசமாச்சி. டெமோ சாருங்க, டெமோ மேடமுங்க வந்துதான் பாடம் போய்க்கினு இருக்குது."

எப்சிபாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடப்பாவிகளா! இன்டர்வியூ என்று சொல்லி ஓசியில் காலேஜ் நடத்துகிறார்களே! அப்போதே வெளியே போயிருப்பாள். ஆனால் அந்தப் பெண் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மார்ச்சில் பரீட்சை எழுதப் போவது இந்தப் பிள்ளைகள்தானே, பிரின்சிபால் இல்லையே. கணக்கை முடித்துக்கொடுத்துவிட்டுத்தான் இறங்கினாள்.

"மேனேஜ்மென்ட் பாக்கணும் மேடம், வர்ற செவ்வாய்..." என்று ஆரம்பித்தார் கிருஷ்ணப்பா.

"ஆர்டர் குடுங்க சார், வரேன். இனிமே டெமோ எடுக்க மாட்டேன்."

"அது உங்க இஷ்டம். கியூல நிறையப் பேர் இருக்காங்க."

அந்த கியூவில் ஒருவரை அவளுக்குத் தெரியும். ஒருநாள் ஆபீஸ் வாசலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாயுடுபேட்டை ஹரிபாபு. தனக்கு வியாழக்கிழமை டெமோ என்று அன்றே சொல்லியிருந்தார்; அவர்தான் அந்த வியாழக்கிழமை சார். அன்று வாங்கிவைத்த நம்பருக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். "யோசித்துச் சொல்கிறேன்" என்று தெலுங்கில் சொல்லி வைத்துவிட்டார். வியாழனன்று அவர் மட்டும் போனால் வேலை அவருக்குத்தான். இதுவும் அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

வீட்டில் அப்பாவிடம் மறைக்கவில்லை. "வேல இன்னும் வரல நைனா. நானே சண்ட போட்டுக்கினு வந்துட்டேன்."

ஞானசிங் தலையைச் சொறிந்தார். "காணிக்கைய வாபஸ் வாங்க முடியாதும்மா. ஆண்டவருதான் பாத்துக்கணும். நீ சோத்த துன்னு." அவர் மேல் வந்த கோபமெல்லாம் அவளுக்கு அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது.

வியாழன் முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஹரிபாபு கூப்பிட்டார். "நான் போகவில்லை மேடம். உங்கள் பேச்சைக் கேட்ட பிறகு எந்த முகத்தோடு போவது?"

அடுத்து வந்த பெற்றோர் கூட்டத்தில் கணக்கு லெக்சரர் யார் என்று ஓர் அம்மா கேட்டிருக்கிறார். பிள்ளைகள் ஆளுக்கொரு பெயரைச் சொல்ல, கூட்டமே எழுந்து நின்று கத்தியதாம். மறுநாள் காலை கிருஷ்ணப்பாவே போன் செய்தார். குரலில் சிரிப்பைக் காணோம். முதல் வருஷத்துக்கு அவள், இரண்டாம் வருஷத்துக்கு ஹரிபாபு. ஆர்டரைக் கையில் வாங்கி, இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் மாடி ஏறினாள்.

"இன்னிக்கும் டெமோவா மேடம்?" என்று கேட்டாள் அந்த மூன்றாவது பெஞ்சுப் பெண்.

"இல்லம்மா. உன் பேரு என்ன?"

இத்தனை ரவுண்டிலும் அவள் யார் பெயரையும் கேட்டதில்லை. போய்விடப் போகிறவளுக்குப் பெயர் எதற்கு?

"தாட்சாயணி, மேடம்."

"உக்காரு தாட்சாயணி. பக்கத்துல?"

கடைசி பெஞ்சு வரைக்கும் ஒவ்வொருவராக எழுந்து பெயர் சொன்னார்கள். பெல் அடித்துவிட்டது. அன்றைக்குக் கணக்கே நடக்கவில்லை.