அக்காவின் கை ஆடவில்லை

மீஞ்சூருக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த காலத்தில் எனக்கு மீன் தொட்டிப் பைத்தியம் பிடித்தது. ஏரிக்கரையில் குடியிருப்பவனுக்கு இது எப்பேர்ப்பட்ட கூத்து என்று சொல்ல வேண்டியதில்லை. "நாலு எட்டு வச்சா ஏரி. இவன் இன்னாடான்னா வூட்டுக்குள்ள மீனுக்கு வூடு கட்றான்" என்று தெருவே சிரித்தது. யாராவது சிரித்தால் எனக்கு வீம்பு ஏறும். பிறவிக் குணம்.

தொட்டி பெரியது. தண்ணீர் தானாக வழிந்து கீழே இருக்கும் வடிகட்டிக்குப் போய்த் திரும்ப வேண்டுமென்றால், பின்பக்கக் கண்ணாடியில் ஓட்டை போட்டுக் குழாய் விட வேண்டும். கடைக்காரரே போட்டுத் தருவதாகச் சொன்னார். நான்தான் செல்போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, இதென்ன பெரிய வித்தை, நானே போட்டுக்கொள்கிறேன் என்று எடுத்துவந்தேன். கண்ணாடி அறுக்கும் வட்ட பிட் ஒன்று வாங்கினேன். டிரில் மெஷின், என்னோடு வேலை செய்பவனிடம் இரவல்.

ஞாயிற்றுக்கிழமை காலை தொட்டியைக் கோணியின் மேல் படுக்கவைத்தேன். பின்பக்கக் கண்ணாடி மேலே வந்தது. ஓட்டை போடும் இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் சின்ன வரப்பு கட்டி அதற்குள் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் இல்லாமல் துளைத்தால் கண்ணாடி சூடேறி வெடித்துவிடும். கடைசியில் அறுபடும் வட்டத் துண்டு கீழே விழாமலிருக்க, அடியில் டேப் ஒட்ட வேண்டும். வீடியோவில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு டேப் தேடச் சோம்பல். பக்கத்து வீட்டில் குடியிருந்த என் கூடப்பிறந்த அக்காவைக் கூப்பிட்டேன்.

அக்கா எறால் பிடிப்பவள். வலை கிடையாது, படகு கிடையாது. ஏரியில் மார்பளவு தண்ணீர் வருகிற மாதிரி உட்கார்ந்து, பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவிப் பிடிக்க வேண்டும். கலங்கின தண்ணீரில் கண்ணுக்கு வேலை இல்லை. விரல் நுனியில் எறாலின் மீசை பட்டால் போதும், அக்காவிடமிருந்து அது தப்பாது. மாமாவுக்கு வேலை கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை. அந்த வீட்டு அடுப்பு அவள் விரல்களால்தான் எரிந்தது.

அந்தக் கையைத்தான் தொட்டிக்குள் விடச் சொன்னேன். வலது கையை உள்ளே நீட்டி, ஓட்டைக்கு நேர் கீழே விரித்து, விழும் துண்டை ஏந்திக்கொள்ள வேண்டும். இடது கையில், வரப்புக்குள் தண்ணீர் ஊற்றச் சொம்பு.

பாதிக்கு மேல் அறுபட்டிருக்கும். "கொஞ்சம் இருடா. தண்ணி வடிஞ்சிட்ச்சு. வெள்ளையா மாவு வருது பாரு. சொம்பும் காலி," என்றாள்.

பார்த்தேன். களிமண் வரப்பு ஓரமாகப் பிளந்திருந்தது. பொட்டுத் தண்ணீர் இல்லை. நிறுத்திவிட்டு மண்ணைப் பூச ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா? ஆகியிருக்காது. ஆனால் அக்கா சொல்லி நான் நிறுத்துவதா?

"உனக்கு இன்னா தெரியும். சும்மா கைய வச்சினு இரு. இன்னும் ரெண்டு சுத்துதான்," என்று மெஷினை அழுத்தினேன்.

கண்ணாடி குறுக்கே பிளந்தது. ஒரு சில்லு அக்காவின் உள்ளங்கையில் ஆழமாக இறங்கியது. ரத்தம் வருவதற்கு முன்பே என் வாய் முந்திக்கொண்டது.

"கைய ஏன்க்கா ஆட்டின?"

அவள் கையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "ஆட்டிட்டனா?" என்றாள்.

அவள் கை ஆடவில்லை. ஆடியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அந்தக் கை கண்ணாடியைத் தொடவேயில்லை, கீழே சும்மா விரிந்து கிடந்தது. இது எனக்கு அந்த நிமிடமே தெரியும். மாமா ஓடிவந்தபோது அவரிடமும் அதையேதான் சொன்னேன். "அக்கா கைய ஆட்டிட்ச்சு மாமா. நான் இன்னா பண்றது."

பொன்னேரியில் தையல் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். "ஆசையா வாங்கின தொட்டி. என்னால போச்சு. மனசுல வச்சிக்காதடா," என்றாள் அக்கா. அப்போது சொல்லியிருக்கலாம். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "பரவால்லக்கா" என்றேன். எனக்கு வந்த பெரிய மனசைப் பாருங்கள். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

காயம் ஆறியது. நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் உணர்ச்சி திரும்பவில்லை. முதல் நாள் ஏரிக்குப் போய்வந்தவளின் பறியில் அடிகூட நிறையவில்லை. "எறால் வந்து இடிச்சாக்கூட தெரியமாட்டேங்குது," என்று மாமாவிடம் சொன்னது சுவர் தாண்டி எனக்குக் கேட்டது. பத்து நாள் போல முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். இப்போது கரையில் உட்கார்ந்து மற்றப் பெண்கள் பிடித்துவரும் எறாலைத் தரம் பிரித்துக்கொடுக்கிறாள். ஏரியில் இறங்குகிறவர்களில் பலருக்குத் தடவிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான்.

போன மாதம் அவளுடைய கடைக்குட்டிக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்துவார்கள். நான் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காது குத்த வந்த பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டே, "தலை ஆடாம ஒருத்தர் புடிக்கணும். அம்மா, நீங்க வாங்க," என்றார்.

அக்கா இரண்டடி பின்னால் போனாள். "நான் வேணாம் பத்தரே. என் கை ஆடும். தம்பியோட மீன் தொட்டியே என்னாலதான் ஒடைஞ்சிது. இது புள்ள காதாச்சே." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "அவனே புடிக்கட்டும்," என்றாள்.

நானே பிடித்தேன். இரண்டு காதும் முடிந்ததும் பத்தர் என் தோளைத் தட்டி, "மாமன் கை நல்ல கைப்பா. அசையவேயில்ல," என்றார். அக்கா பெருமையோடு என்னைப் பார்த்தாள்.

குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. எல்லோரும் இருக்கிறார்கள், இப்போதாவது சொல்லிவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாயைத் திறந்தேன். "யாராவது புள்ளைக்கு மிட்டாய் குடுங்க," என்றுதான் வந்தது.