வானம் பார்த்த டிஷ்

எங்கள் பக்கத்தில் சாட்டிலைட் ஏறக்குறைய தலைக்கு மேலேயே இருப்பதால், உடையார்பாளையத்து வீட்டு மாடியில் எட்டடி டிஷ் மல்லாந்தே கிடக்கும். பழைய ரிசீவர் செத்து இரண்டு கோடை கழித்து, புதிது வாங்க அரியலூர் போனேன். கடைக்காரர் நான்கு பெட்டிகளை எடுத்து வைத்து, "எல்லாத்துலயும் எல்லாம் வரும் சார்" என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. "எல்லாம் வேணாங்க. நான் ஒண்ணும் சொல்லாமலே, வானத்துல இருக்கறதை அதுவாத் தேடுற பெட்டி எது?"

அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். முந்திரித் தோப்புகள் நகர்ந்தன. தெரியாத மொழியில் யாரோ மழைச் செய்தி வாசித்தார்கள். கேள்விப்படாத ஊரில் ஒருத்தி பாடினாள். எல்லாம் கண்ணுக்குள்தான்.

வீட்டில் பெட்டி ஒரு மணி நேரம் தேடியும் ஒன்றும் சிக்கவில்லை. கடைக்காரரைத் திட்டிக்கொண்டே மாடி ஏறினேன். டிஷ்ஷுக்குள் ஈரச் சேலை விரித்து, மனைவி கூழ் வத்தல் ஊற்றியிருந்தாள். இரண்டு கோடையாக அதுதான் வத்தல் காயும் இடம். நான்தான் மறந்துவிட்டேன்.

"எடுத்துடட்டுமாங்க?" என்றாள் பின்னாலேயே வந்து.

வட்ட வட்டமாக அத்தனை வத்தலும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

"காயட்டும்" என்றேன்.

கீழே பெட்டி தேடிக்கொண்டே இருந்தது. அன்று மேலிருந்து வந்தது வெயில் மட்டும்தான். அதை டிஷ் சிந்தாமல் பிடித்துக்கொண்டிருந்தது.