தறிக்குழிக்குள் தர்பூசணி

தெப்பக்குளத்துக் கடையில் தட்டிப் பார்த்து வாங்கிய தர்பூசணிக்கு ஃபிரிட்ஜில் இடமில்லை. ஈரச்சாக்கைச் சுற்றி அப்பாவின் நாற்காலிக்கு அடியில் வைத்தேன். சாக்கின் வாசனை என்னைச் செல்லூரில் நாங்கள் முன்பு இருந்த வீட்டுக்கு இழுத்துப்போனது.

அந்த வீட்டில் குளுமையான இடம் அப்பா காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்யும் தறிக்குழிதான். அடிப்பக்கம் நன்றாக மஞ்சளோடிய பழமாகப் பார்த்து வாங்கி, ஈரச்சாக்கைச் சுற்றி அப்பாவின் காலடியில் வைப்பாள் அம்மா. "ஞாயித்துக்கெழம அத்தை வாராக. அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

சனிக்கிழமையே குழிக்குள் 'டொப்'பென்று கேட்கும். "கால் பட்டு ஒடஞ்சிருச்சு" என்பார் அப்பா, தலை நிமிராமல். நாளெல்லாம் தறி மிதித்தும் ஒரு மிதி பிசகாத கால் அது. நாங்கள் முழங்கை வரை சாறு வழியத் தின்போம். எல்லாக் கோடையிலும் இதே கதைதான்.

"அத்தை நாளைக்குத்தான் வாராகப்பா. கால் பத்திரம்" என்றேன் இப்போது, நாற்காலியில் வந்து உட்கார்ந்த அப்பாவிடம்.

அப்பா குனிந்து பழத்தைப் பார்த்தார்.

"வயசாயிருச்சுல்ல. கால் எங்க நம்ம பேச்சக் கேக்குது?"