ஒன்பது பேரும் ஒரு 'டங் டங்'கும்

2025 பெப்ரவரி 8, சனிக்கிழமை, காலை பத்து நாற்பது. ஆறு பாகை, தூறல். லண்டன் ஹரோவில் ஒரு சமூக நிலையத்தின் மாடியறையில், பதினொரு பேருடன், கன்டனீஸ் மொழியின் மூன்றாவது வகுப்பில் இருந்தேன். மகன் ஹொங்கொங் பெண்ணைக் கட்டியவன். நான் அவர்களோடு இருக்கிறேன். மருமகளும் அவளுடைய தாயும் மேசையில் பேசுவதில் என்னைப் பற்றியது எவ்வளவு என்று அறியத்தான் எழுபத்தாறு வயதில் இந்தப் படிப்பு.

அன்று, பட்டியலை முடிக்காமல் விடும் சொற்கள். நாலு சாமானைச் சொல்லி 'டங் டங்' என்றால் 'முதலியன'. உங்கள் மொழியில் எப்படி என்று ஆசிரியை கேட்டார். 'தேத்தண்ணி கீத்தண்ணி' என்றேன். வகுப்பே 'கீத்தண்ணி' என்று மூன்று தடவை சொல்லிச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தொரு வருடம் களஞ்சியக் கணக்கு எழுதியவன் நான்; ஒரு வரியையும் 'முதலியன' என்று முடித்ததில்லை. அதற்குள் போன சாமான் திரும்பி வராது.

மறுநாள் பேத்தியின் பிறந்தநாள் விருந்து. உணவகத்தில் பத்துப்பேர் மேசை. வகுப்பு முடிந்து வந்த அன்று மாலையே மருமகள் குசினியில் நின்று, தாய்க்குத் தொலைபேசியில் ஆட்களை விரல் மடித்துச் சொன்னாள். எண்களும் உறவுமுறைகளும் முதலிரண்டு வகுப்பில் படித்தவை, ஒவ்வொன்றாகப் பிடித்தேன். ஒன்பது பேர். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். 'டங் டங்' என்றாள்.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். "மாமா" என்று அவள் தட்டியபோது நித்திரைபோல் கிடந்தேன். பிறகு மகன் வந்தான்.

"எனக்கு முழங்கால் ஏலாது தம்பி. நாளைக்கு நீங்கள் போங்கோ."

"சரியப்பா, உங்கட விருப்பம்."

இரண்டாம் தரம் கேட்கவில்லை. பத்தாவது கதிரையில் சம்பந்தியம்மாவின் தோழி இருந்தாராம்.

அடுத்த சனிக்கிழமை வழி கேட்கும் பாடம். அதிலும் 'டங் டங்' வந்தது. இது போன கிழமைச் சொல் அல்லவா என்றேன். அதே சொல்தான், 'கொஞ்சம் பொறுங்கள்' என்றும் பொருள் என்றார் ஆசிரியை.

வீட்டுக்கு வந்து மருமகளிடம் விசாரித்தேன். எனக்கு முள் மீன் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்பதற்காகத் தாயைப் பொறுக்கச் சொன்னாளாம். ஏன் விசாரிக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

வகுப்புக் கட்டணம் 144 பவுண்ஸ். கொப்பி 1.75. அந்த ஞாயிறு தனியே வாங்கிச் சாப்பிட்ட கொத்துரொட்டி 8.50. பஸ் இலவசம். மொத்தம் 154.25.