ஈயப் பொட்டு வைத்த காப்பு

டொக்கும் என்ற ஊரில் யாராவது பழைய நகையோடு தட்டார் வீட்ஸ்கேயின் கடைப்படி ஏறினால், அவள் முதலில் நகையைப் பார்க்கமாட்டாள், ஆளைப் பார்ப்பாள். பாட்டி கொடுத்தது என்று அவர் தொடங்கியதுமே அவள் புருவம் ஏறிவிடும். பிறகு நகையை இடது கையால் வாயருகே கொண்டுபோய் நன்றாக மூச்சு விடுவாள். ஈரம் படரும்போது ஒட்டுப்போட்ட இடம் மட்டும் கோடாகத் தனித்து நிற்கும், கண்ணிமைக்கும் நேரம்தான். அவளுக்கு அது போதும்.

பாதிரியாரின் மனைவி இருநூறு வருஷத்து அலங்கார ஊக்கு என்று பெருமையாகக் கொண்டுவந்தார். முகப்பு பழசுதான், பின்னாலிருக்கும் கொக்கிக்கு உங்கள் வீட்டுக்காரரைவிட வயது குறைவு என்று சொல்லி அனுப்பிவிட்டாள். தேய்ந்துபோன மோதிரத்திலிருந்து தர முத்திரையை மட்டும் வெட்டிப் புது மோதிரத்தில் பதித்துக்கொண்டு வந்த வியாபாரியை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினாள், தெருவே கேட்டது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இவளுக்கோ மஞ்சளாகத் தெரிவதெல்லாம் சந்தேகம். ஆனால் ஒன்று, அவள் சொன்னது தப்பாகப் போனதாக ஊரில் ஒருவரும் சொன்னதில்லை.

ஈயத்தை மட்டும் அவளால் பொறுக்க முடியாது. தங்கத்தை ஒட்டத் தங்கப்பொடிதான் வைக்கவேண்டும். சோம்பேறிகள் ஈயத்தை உருக்கி ஒட்டிவிடுவார்கள். அடுத்த தடவை நெருப்புக் காட்டினால் அந்த ஈயம் தங்கத்தைத் தின்றுவிடும். அதனால் கடையில் ஒரு துளி ஈயம்கூட வைத்துக்கொள்ளமாட்டாள். பக்கத்துக் கடையில் ரேடியோ பழுது பார்க்கும் சீட்சே கையில் ஈயக்கம்பியோடு எட்டிப் பார்த்தால்கூட, அதை வெளியே வைத்துவிட்டு வா என்பாள்.

இந்தச் சந்தேகமெல்லாம் பழகிக்கொண்டது ஒரே ஒரு ஆளின்மேல்தான். அவள் அண்ணன் யெல்லேயின் மனைவி பவுகே. அம்மாவிடம் ஒரு தங்கத் தலைத்தகடு இருந்தது. அந்தக் காலத்துப் பெண்கள் லேஸ் தொப்பிக்கு அடியில் தலையைக் கவ்விக்கொள்ளப் போடுவார்களே, அது. அம்மாவின் பாட்டியுடையது. தொப்பியைக் குத்திவைக்க அதன் ஓரத்தில் ஐந்து ஊசித் துளைகள். சின்னப் பிள்ளையாக அந்தத் துளைகளை எண்ணித்தான் வீட்ஸ்கே ஐந்துவரை கற்றாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அம்மா போனபோது அறையைச் சுத்தம் செய்தவள் பவுகே. பெட்டி இருந்தது, தலைத்தகடு இல்லை.

வீட்ஸ்கே ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அண்ணன் மனம் நோகும். கேட்காமலே இருபத்தொன்பது வருஷம் ஓடியது. பவுகே வந்தால் ஒரு கோப்பை காப்பி, ஒரு பிஸ்கட். உடனே டப்பா மூடப்படும். எங்கள் ஊரில் இரண்டாவது கோப்பை வேண்டுமா என்று கேட்கவில்லை என்றால் எழுந்துபோ என்று அர்த்தம். பவுகேயும் எழுந்து போய்விடுவாள். போன குளிர்காலத்தில் யெல்லேயும் செத்துப்போனான். அதன்பிறகு வீட்ஸ்கேக்குச் சொந்தம் என்று மிச்சமிருந்தது இந்தப் பவுகேயும் அவள் மகள் மார்யனும்தான்.

அந்தத் திங்கட்கிழமை பவுகே கைக்குட்டையில் சுற்றி ஒரு தங்கக் காப்பு கொண்டுவந்தாள். சனிக்கிழமை மார்யனுக்குக் கல்யாணம், அவள் கையில் போட வேண்டும், கீல் விட்டுப்போயிருக்கிறது. வேறு யாரிடமும் கொடுக்க மனமில்லை என்றாள். வீட்ஸ்கே வாங்கி மேசையில் வைத்தாள். ஒரு கோப்பை, ஒரு பிஸ்கட், டப்பா மூடியது.

ஆள் தெருமுனை திரும்பும்வரை பொறுத்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு லென்ஸை எடுத்தாள்.

காப்புக்கென்று போட்ட முத்திரை எங்கும் இல்லை. தரம் பார்த்து முத்திரை குத்தும் சாலைக்குப் போகாத தங்கம் என்றால் யாருக்கோ தெரியக்கூடாத தங்கம். ஓரத்தில் மட்டும் ஒரு பழைய முத்திரை, கத்தரி பட்டுப் பாதியாக நின்றது. ஆக, வேறெதையோ வெட்டிச் செய்தது. தகட்டை விளக்குக்கு நேரே சாய்த்தாள். தட்டி நேராக்கிய பின்னும் ஒரு குழிவு மிச்சமிருந்தது. தலையில் உட்கார்ந்த தகடு. தகடு நூறு வருஷத்துக்கும் மேலே பழசு. காப்பின் வளைவோ இரண்டாம் உலகச் சண்டை முடிந்த பிறகு வந்த பாணி. உடைந்த கீலை மெல்ல நகர்த்தினாள். அடியில் ஊசித் துளைகள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு. ஐந்து.

திருடி என்று வாய்விட்டே சொன்னாள்.

லென்ஸைக் கீல் பக்கம் நகர்த்தினாள். சாம்பல் நிறத்தில் பொட்டு வைத்தாற்போல ஈயம்! அம்மாவின் தங்கத்தில் ஈயம்! அரத்தின் கீறல்கள் எல்லாம் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. இடக்கைக்காரன், கத்துக்குட்டி, நெருப்புக்குப் பயந்தவன். திருட்டுப் பொருளை வேறு எவன் தொடுவான், இப்படிப்பட்டவன்தான் என்று முடிவு கட்டினாள். சனிக்கிழமை விருந்தில் நாலுபேர் நடுவே இந்த ஐந்து துளைகளைக் காட்டிக் கேட்பது என்றுகூட நினைத்தாள். பிறகு மார்யன் முகம் ஞாபகம் வந்தது. தொலைபேசியை எடுத்துப் பவுகேயை மறுநாள் காலை வரச்சொன்னாள்.

பவுகே வந்தாள். இந்த முறை ஒரு கோப்பைகூட இல்லை.

"இது எங்கம்மா தலைத்தகடு," என்றாள் வீட்ஸ்கே. "நீங்கதான் எடுத்து வெட்டியிருக்கீங்க."

பவுகே மேலங்கிப் பொத்தானைக்கூட அவிழ்க்கவில்லை. "உங்கம்மாவோடதுதான். நான் இந்த வீட்டுக்கு வரதுக்கு முன்னாடியே வெட்டியாச்சு."

"யாரு வெட்டினது? எந்தக் கழுதை இதுல ஈயத்த வச்சுது?"

பவுகே அவளையே பார்த்தாள். கிண்டல் செய்கிறாளோ என்று சந்தேகப்படுகிற பார்வை. அப்புறம் குரல் இறங்கியது.

"அந்தக் கழுதை யாருன்னு உனக்கு நிஜமாவே தெரியலையா, வீட்ஸ்கே?"

வீட்ஸ்கே காப்பைப் பார்த்தாள். பிறகு அதைப் பிடித்திருந்த தன் இடது கையைப் பார்த்தாள்.

அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. அப்பா ஹெஸ்ஸலின் பட்டறை. அவர் ஒரு தங்கப் பட்டையைக் கையில் கொடுத்து, பழைய கழிவுதான், வளைச்சுக் கீல் வை, அந்த ஓட்டைமேலயே வச்சு மூடு என்றார். நெருப்பை ஏற்றப் பயந்து, அவர் சாப்பிடப்போன சமயம் ஈயத்தை வைத்து ஒட்டிவிட்டாள். திரும்பி வந்து பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். தட்டான் தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் என்பார்கள். இவள் தாய்ப்பொன்னை முழுசாகவே எடுத்திருக்கிறாள், அதுவும் தெரியாமல். யாருடைய தங்கம் என்று அவள் கேட்கவில்லை. வாழ்நாளில் அவள் சந்தேகப்படாமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

பவுகே மெதுவாகச் சொன்னாள். சண்டை முடிந்த காலத்தில் பெண் தொழில் பழகத் தங்கம் கிடைக்கவில்லை. அம்மாதான் தலைத்தகட்டை எடுத்துக் கொடுத்தாள். வீட்ஸ்கேக்குத் தெரிந்தால் கை கூசும், சொல்லாதீர்கள் என்று சத்தியம் வாங்கினாள். மிச்சத் தகடெல்லாம் அவள் பழகப் பழக உருகி, மோதிரமாகவும் தோடாகவும் ஊரெல்லாம் போய்விட்டது. இந்தக் காப்பை மட்டும் அம்மா வைத்துக்கொண்டு, மருமகள் வந்ததும் அவள் கையில் போட்டாள்.

"எனக்கு ஏன் குடுக்கல?"

"உன் கையில குடுத்தா ரெண்டே நாள்ல உருக்கிடுவன்னு சொன்னாங்க. அந்த ஈயத்த விரலால தடவித் தடவிப் பாத்துப்பாங்க. எம்பொண்ணோட மொதல் வேலம்பாங்க. நீ செஞ்சத நான் போட்டிருக்கேன்னுதான் எம்மேல உனக்குக் கோவம்னு நெனச்சிட்டிருந்தேன். அதான் உன் முன்னாடி போட்டதே இல்ல."

வீட்ஸ்கேக்கு அழுகை வந்தது, அழுதாள். அதற்கப்புறம் காப்பி வைத்தாள். முதல் கோப்பை, இரண்டாவது கோப்பை. டப்பா திறந்தே கிடந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஈயத்தைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டுத் தங்கப்பொடி வைத்து ஒட்டித் தருகிறேன், ஒட்டே தெரியாது என்றாள்.

"வேண்டாம்," என்றாள் பவுகே. "இருந்த மாதிரியே இருக்கட்டும்."

"ஈயத்துலயா, அண்ணி?"

"ஈயத்துலதான்."

வீட்ஸ்கே இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள், இல்லை என்று தெரிந்தும். பிறகு ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனாள். சீட்சே ஒரு ரேடியோவின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கொஞ்சம் ஈயம் வேணும்."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "உனக்கா? எதுக்கு?"

"தங்கத்துக்கு," என்று கையை நீட்டினாள் வீட்ஸ்கே.